காக்கா கத்தாத ஊர்

"என்னங்க, இந்த ஊர்ல காக்கா கூட கத்தாதா?"

அமெரிக்கா போய் இறங்கிய மூன்றாம் நாள் என் மனைவி கேட்ட கேள்வி இது. நியூயார்க் என்றதும் வானத்தைத் தொடும் கட்டடங்களை நினைத்துக்கொள்ளாதீர்கள். மகன் இருந்தது அதே மாநிலத்தின் உள்ளே, அடிரோண்டாக் மலையடிவாரத்தில் இருக்கும் குளோவர்ஸ்வில். 2020 கணக்குப்படி 15,000 பேர்தான். எங்க ஆம்பூர்லயோ 2011-லயே லட்சத்தைத் தாண்டியாச்சு.

விடியற்காலை பாங்கு, ஷூ கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகும் பஸ்களின் ஹாரன், பெங்களூர் ரோடு லாரிகள், ரயில், எல்லாவற்றுக்கும் மேலே டேனரி நாற்றம். இதிலேயே ஊறியவனுக்கு அந்த ஊர் முதல் வாரம் சொர்க்கம். இரண்டாம் வாரம் பயமாகிவிட்டது. சாயங்காலம் கடைத்தெருவில் நடந்தால் எதிரே ஆள் இல்லை. பெரிய பெரிய செங்கல் கட்டடங்கள், உள்ளே யாரும் இல்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருநாள் எந்த ஊர் என்று விசாரித்தார். "தோலும் ஷூவும் செய்யற ஊரு" என்றேன். "அப்போ நம்ம ஊருதான்!" என்று சிரித்தார்.

குளோவ் என்றால் கையுறை. தொழிலை வைத்தே ஊருக்குப் பெயர் வைத்தது 1828-ல். அமெரிக்கர்கள் போட்ட கையுறைகளில் பெரும்பகுதி ஒரு காலத்தில் இங்கே தயாரானதுதான். பாட்டியின் அம்மா வீட்டிலேயே உட்கார்ந்து தைத்தவராம். தெருவெல்லாம் மிஷின் சத்தமாம். டேனரிக் கழிவு விழுந்து கயடுட்டா ஓடை அன்றைக்கு என்ன சாயமோ அந்த நிறத்தில் ஓடுமாம். அப்புறம் வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்தது. கையுறை போடும் பழக்கமும் குறைந்தது. ஒவ்வொரு டேனரியாக மூடினார்கள்.

"இப்ப ஓடையில தண்ணி தெளிவா ஓடுது. பார்க்கத்தான் என் பேரப்பிள்ளைங்க யாரும் இங்க இல்ல" என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் முப்பது வருஷம் ஒரு டேனரியில் கணக்கு எழுதியவன். அந்தச் சம்பளத்தில்தான் மகன் படித்தான், அமெரிக்கா போனான். அதே முப்பது வருஷத்தில்தான் எங்கள் வீட்டுக் கிணறு உப்பாகிப் போனது. பாலாற்றைக் கெடுத்தவர்களே நஷ்டத்தைக் கட்ட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1996-ல் தீர்ப்பு சொன்னது. 2025 ஜனவரியில் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. 'கெடுத்தவர்கள்' என்று படிக்கும்போதெல்லாம் முதலாளிகளைத்தான் நினைத்துக்கொள்வேன். அன்றைக்குத்தான் என் பேனாவும் ஞாபகத்துக்கு வந்தது.

டேனரியை மூடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூடிய ஊர் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டேனே. இப்படியே இருக்கட்டும் என்றும் சொல்ல முடியவில்லை. ஆறும் பிழைத்து, அந்தப் பெண்களின் பஸ்ஸும் ஓட வழி இல்லையா? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

ஊர் திரும்பினோம். ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கியதும் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மறுநாள் ஐந்து மணிக்குக் காக்கா கத்தியது. கொஞ்ச நேரத்தில் கம்பெனி பஸ் ஹாரன்.

"அப்பாடா" என்று எழுந்து போய்க் காபி போட்டாள். கேன் தண்ணீரில்தான்.