பாதி ஜெர்சி

மயிலாப்பூர் மாடவீதிகளுக்குப் பின்னால், பைக் நுழையவே சிரமப்படும் சந்துகளில் இன்னமும் கறவை மாடு வைத்திருக்கிறார்கள். வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை, அதில் மூன்று நான்கு உருப்படிகள். அநேகமாக எல்லாமே ஜெர்சி கலப்பு. அவற்றுக்குச் சினை ஊசி போட வருகிறவரோடு ஒரு நாள் சுற்றினேன். எந்தக் காளையின் விந்தைப் போடுவது என்று அவர் எப்படி முடிவெடுக்கிறார் என்பதைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும் என்று வெகுநாளாக எனக்கு ஆசை.

"நேத்து சாயங்காலத்துல இருந்து கத்துது தம்பி, தீவனத்துல வாயே வைக்கலை" என்றார் மாட்டுக்கார அம்மா.

ஊசி போடுகிறவர் உடனே கையுறையை எடுக்கவில்லை. வாலை ஒதுக்கி, வழிந்த கோழையைப் பார்த்தார். கண்ணாடி மாதிரித் தெளிந்து, அறுபடாமல் தொங்கியது. மாலையில் பருவத்துக்கு வந்தால் மறுநாள் காலை ஊசி, காலையில் வந்தால் அன்று மாலையே; தொழிலின் அடிப்படைக் கணக்கு இது. நேரம் சரிதான் என்று தெரிந்த பிறகுதான் என்னைக் கவர்ந்த கேள்வியைக் கேட்டார்: "அக்கா, இதோட அம்மாவுக்கு என்ன போட்டோம்?"

காதில் 12 இலக்க எண்ணுள்ள மஞ்சள் தோடு இருந்தது. ஆனால் அதற்கு முந்தைய வரலாறு அந்த அம்மாவின் நினைவில்தான் இருக்கிறது. பாட்டி செய்யாறு பக்கத்து நாட்டு மாடு. அதற்கு ஜெர்சி ஊசி. பிறந்த கிடேரிக்கும் ஜெர்சி. அதற்குப் பிறந்ததுதான் இது. அப்படியானால் முதல் தலைமுறையில் பாதி, இதில் முக்கால். இன்னொரு முறை சுத்த ஜெர்சி போட்டால் பிறக்கும் கன்று எண்பத்தேழரை சதவீதம். சென்னையின் மே மாதத்தில், தகரக் கூரைக்கடியில், அந்த மாடு வாயைத் திறந்து மூச்சிரைக்கும். உண்ணியும் உண்ணிக் காய்ச்சலும் எளிதில் பிடிக்கும். கறவை குறையும், சினையும் நிற்காது. அதனால் அவர் எடுத்தது கலப்பின ஜெர்சிக் காளையின் விந்து. பாதி ரத்தமுள்ள காளையை முக்கால் ரத்தமுள்ள பசுவோடு சேர்த்தால் கன்று சராசரியில் அறுபத்திரண்டரைக்கு இறங்கும்.

தமிழ்நாட்டு இனவிருத்திக் கொள்கையும் இந்தத் திசையில்தான் செல்கிறது. சமவெளிக்கு ஜெர்சி, மலைப்பகுதிக்கு ஃபிரீசியன், அயல் ரத்தம் அளவோடு. காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர், புலிக்குளம் ஆகியவை அவற்றின் சொந்தச் சீமையில் கலப்பில்லாமல். நந்தனத்துக் கால்நடைத் துறை அலுவலகத்தில் காகிதமாக இருக்கும் கொள்கை, இந்தச் சந்தில் ஒருவரின் கேனுக்குள்ளிருந்து வெளியே வருகிறது.

கேனில் திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. விந்துக் குச்சியை இடுக்கியால் எடுத்து 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைத்தார். கால் மில்லி திரவம், அதில் ஏறக்குறைய இரண்டு கோடி உயிரணுக்கள். துடைத்து, நுனியை வெட்டி, சினை ஊசி போடும் கன்னில் ஏற்றினார். இடது கை மலக்குடல் வழியே உள்ளே போய்க் கருப்பைக் கழுத்தைப் பிடித்தது. வலது கையில் கன். கழுத்தின் வளையங்களை ஒவ்வொன்றாகத் தாண்டும்போது அவர் முகம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது, விரல்தான் பார்த்தது. கழுத்தைத் தாண்டியதும் நிறுத்தி மெதுவாக அழுத்தினார். இந்த நிதானத்தை எந்தப் புத்தகமும் கொடுத்துவிடாது.

கலப்பினக் காளை என்றாலே மட்டம் என்று நினைப்பவர்கள் நிறைய. அதை நான் ஏற்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு என்பது நிஜம். முதல் கலப்பில் கிடைக்கும் வீரியத்தில், கலப்பினத்தையும் கலப்பினத்தையும் சேர்க்கும்போது பாதி போய்விடும். கன்றுகளும் ஒன்றுபோல் இருக்காது. ஒன்று பாட்டியைக் கொள்ளும், மற்றொன்று ஜெர்சியை. கலப்பினக் காளைகளில் கணிசமானவற்றின் விந்து உறையவைத்தால் தாங்குவதில்லை என்று நிலையங்களே கழித்துவிடுகின்றன. ஆகவே இந்தக் காளைகளைத் தோற்றத்தை வைத்துத் தேர்வு செய்யவே கூடாது. தாயின் கறவைப் பதிவும் மகள்களின் கறவைப் பதிவும் வேண்டும். கேரளத்தில் 1963இல் மாட்டுப்பட்டியில் தொடங்கிய இந்திய–சுவிஸ் திட்டம் இதைத்தான் செய்தது. அங்கே உருவான சுனந்தினி, கலப்பினக் காளைகளையே பதிவு வைத்துத் தேர்ந்து வளர்த்த இனம். நாம் கலந்த அளவுக்குப் பதியவில்லை என்பது என் வருத்தம்.

இறைச்சிக்காக மாடு வளர்க்கும் நாடுகளிலும் இதே ரத்தப் பங்குக் கணக்குதான். அமெரிக்காவின் சாண்டா ஜெர்ட்ரூடிஸ் எட்டில் ஐந்து பங்கு ஷார்ட்ஹார்ன், மூன்று பங்கு பிராமன். அந்த பிராமனின் முன்னோரில் பழைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாடும் உண்டு. வெயிலைத் தாங்க நம் ரத்தத்தை அவர்கள் கொண்டுபோனார்கள். பாலுக்காக அவர்கள் ரத்தத்தை நாம் கொண்டுவந்தோம். ஆனால் அங்கே காளைக்கன்றுக்கு எடைக்கு ஏற்ற விலை உண்டு. இங்கே ஜெர்சி கலப்புக் காளைக்கன்று உழவுக்கு அவ்வளவாக உதவாது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் நாட்டு இனங்களுக்கு மட்டுமே அனுமதி என்று சொன்ன பிறகு ஜல்லிக்கட்டிலும் இடமில்லை. சந்துக்குள் அதை வைத்து வளர்க்க யாருக்கும் கட்டுப்படியாவதில்லை. "கிடேரியா போடுற ஊசி இருக்காமே தம்பி?" என்று அந்த அம்மா கேட்டதற்குக் காரணம் அதுதான். பாலினம் பிரித்த உறைவிந்து வந்துவிட்டது, ஊட்டியிலேயே அதற்கு நிலையம் இருக்கிறது என்று அவர் விளக்கினார்.

கிளம்புமுன் குச்சியில் அச்சிட்டிருந்த காளை எண்ணை அவர் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, அந்த அம்மாவிடமும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். "இருபத்தோரு நாள்ல திரும்பக் கத்துதான்னு பாருங்க. கிடேரி பொறந்தா, அது பருவத்துக்கு வர்றப்போ வேற கலப்புக் காளை போடலாம். இந்த நம்பரை மட்டும் போடவே கூடாது அக்கா, அது அதோட அப்பன்."