குச்சனூர் வாய்க்கால் கரையில்

சின்னமனூரிலிருந்து குச்சனூருக்குச் செல்லும் சாலையின் இருமருங்கும் பசும்பட்டு விரித்தாற்போல் நெல்வயல்கள். 1895-ல் கட்டி முடிக்கப்பெற்ற பெரியாறு அணையின் நீர் இப்பள்ளத்தாக்கை வாழ்விக்கிறது. ஊரின் சனீசுவரர் கோயிலுக்கு ஆடிச் சனிக்கிழமைகளில் மக்கள் திரள்வர். சனிக்குரிய உலோகம் இரும்பு என்பது இந்து சமயத்தாரின் மரபு. அன்று எங்கள் கருத்தைக் கவர்ந்ததோ வேறோர் உலோகம்.

வாய்க்கால் கரையில் கரும்புகை எழக் கண்டு அணுகினோம். பழைய பொருள் வாங்குபவர் ஒருவர் மின்கம்பிச் சுருள்களைக் கொளுத்திக்கொண்டிருந்தார். எட்டு வயது மதிக்கத்தக்க அவர் மகள் குச்சியால் சாம்பலைக் கிளறினாள். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலம் எங்களில் மூத்தவர்களுக்கு நினைவுக்கு வந்தது. இன்று அவர் வண்டியில் உடைந்த தொலைக்காட்சி, கணினி, செல்போன் எல்லாம் கிடந்தன.

"ஏனய்யா கொளுத்துகிறீர்கள்?" என்றோம்.

"உரிச்சா பொழுது அடஞ்சுரும்யா. கொளுத்துனா சட்டுனு செம்பு வந்துரும். கருத்துப்போனா வெலை கொஞ்சம் கம்மிதான்" என்றார். உள்ளிருக்கும் பச்சைப் பலகைகளை எடைக்கு விற்றுவிடுவாராம். அவை எங்கே போகின்றன என்று அவர் அறியார்.

அப்பலகைகளில் பொன் இருக்கிறது. நம் தமிழர் பலர் தலைமுறை தலைமுறையாக உழைத்து, 2001-ல் மூடப்பெற்ற கோலார் சுரங்கத்தில் இறுதி நாட்களில் ஒரு டன் பாறைக்குக் கிடைத்தது சில கிராம் பொன்னே. ஒரு டன் பழைய செல்போன்களிலோ ஏறத்தாழ 300 கிராம் வரை உண்டு! தோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்கென ஜப்பானிய மக்கள் அளித்த பழைய கருவிகளிலிருந்து 32 கிலோ பொன் எடுக்கப்பெற்றது. முறையான ஆலைகளில் பலகைகளைச் செம்போடு உருக்குவர். பொன்னும் வெள்ளியும் செம்பில் கலந்துகொள்ளும். பின்பு மின்பகுப்பினால் செம்பைப் பிரிக்கையில், தொட்டியடியில் படியும் சேற்றில் பொன் தங்கும். புகையை வடிகட்டியே வெளிவிடுவர்.

வாய்க்கால் கரையில் வடிகட்டி ஏது? கம்பியின் பிளாஸ்டிக் உறை எரிகையில் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு எழுகிறது. பலகைகளின் பற்றவைப்பில் ஈயம் உண்டு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும் என்பது ஐயமற நிறுவப்பெற்ற உண்மை. இத்தகைய குப்பைமேடுகளில் வாடும் சிறார்களைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2021-ல் தனி அறிக்கையே வெளியிட்டது. மழை பெய்தால் இக்கரைச் சாம்பல் வயலுக்குத்தான் போகும்.

2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்துகின்றன. நன்றே. ஆயினும் நம் வாசலுக்கு வருபவர் இந்த வண்டிக்காரர் ஒருவரே. அவரைப் பழிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. கம்பிகளை உரித்தே விற்கும்படியும், சிறுமியைப் புகையிலிருந்து விலக்கும்படியும் வேண்டினோம். சிரித்தார். சிறுமி கருத்த விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எங்களையே பார்த்தாள்.

வீடு திரும்பி அலமாரியைத் துழாவினோம். மூன்று செல்போன்களும் ஒரு பழைய வானொலியும் அகப்பட்டன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற நிலையம் எங்குள்ளது என விசாரித்து வருகிறோம். அதுவரை அவற்றை எடைக்குப் போடுவதாக இல்லை.