பேட்டரி மாற்றும் முன் மூன்று எண்கள்

போன இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், "என் பைக்கில் வருஷத்துக்கு ரெண்டு பேட்டரி போகிறது. எந்த கம்பெனி பேட்டரி வாங்கினால் நீடிக்கும்?" என்று கேட்டிருந்தார். இதே கேள்வியோடு நானும் ஒரு வருஷம் அலைந்தவன். என் அனுபவத்தில் பழுது பேட்டரியில் இல்லை. அதைக் கண்டுபிடிக்க நான் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம்.

எனக்குப் படப்பை பக்கத்தில் ஒண்ணரை ஏக்கர். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரைதான் முக்கிய வெள்ளாமை. விடியற்காலை மூன்றரை மணிக்குக் கட்டுகளைப் பைக்கில் ஏற்றி, மண்ணிவாக்கம், முடிச்சூர் வழியாகத் தாம்பரம் போய்விடுவேன். ஆறு மணிக்குள் சேரவில்லை என்றால் கீரை வாடும், விலையும் வாடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது பைக் வரதராஜபுரத்தில் அக்கா வீட்டில் நின்றது. அந்தப் பகுதிக்கு அடையாறு வெள்ளம் புதிதல்ல, 2015-லேயே பார்த்ததுதான். இந்த முறையும் சீட்டு வரைக்கும் தண்ணீர், ரெண்டு நாள். வடிந்த பிறகு இன்ஜின் ஆயில் மாற்றி, காற்று வடிகட்டி மாற்றி ஓட்ட ஆரம்பித்தேன். நன்றாகவே ஓடியது.

நாலு மாதம் கழித்து செல்ஃப் எடுக்கவில்லை. கடையில் பேட்டரி மாற்றினார்கள். ஆறே மாதத்தில் அதுவும் போனது. இன்னொரு கம்பெனி பேட்டரி வாங்கினேன். மூன்று மாதம் தாண்டவில்லை.

2025 மார்கழி கடைசி. கரசங்கால் தாண்டி வந்துகொண்டிருக்கிறேன், நல்ல பனி. ஹெட்லைட் மங்கியது, இன்ஜின் ரெண்டு முறை இருமியது, அப்படியே நின்றுவிட்டது. முன்னால் விளக்கு இல்லை, பின்னால் சிவப்பு விளக்கும் இல்லை. ஒரகடம் பக்கமிருந்து வந்த லாரி பிரேக் போட்டு என் பின்சக்கரத்துக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. டிரைவர் திட்டியது எதுவும் காதில் விழவில்லை. கீரைக்கட்டு பாதி ரோட்டில் கிடந்தது.

முன்பெல்லாம் கிக்கரை உதைத்தால் பேட்டரி இல்லாமலே வண்டி ஓடும். இப்போது அப்படி இல்லை. 2017 ஏப்ரல் முதல் வரும் வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும், அணைக்க சுவிட்ச் கிடையாது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு பெரும்பாலான பைக்குகளில் கார்பரேட்டர் போய் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. அதன் பம்ப்புக்கு மின்சாரம் குறைந்தால் இன்ஜினே நின்றுவிடும். என் வண்டியும் அந்த ரகம்தான்.

தாம்பரத்தில் என்னிடம் தினமும் கீரை வாங்கும் பெரியவர் ஒருவர் ரயில்வேயில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். நடந்ததைச் சொன்னேன். "தம்பி, தொட்டியில தண்ணி நிக்கலன்னா தொட்டிய மாத்துவியா? மோட்டார், வால்வு, பைப்பெல்லாம் பார்க்க மாட்டியா?" என்றார்.

அவர் சொன்ன கணக்கு இதுதான். இன்ஜினோடு சுற்றும் காந்தமும் அதன் காயிலும்தான் மோட்டார். அதிலிருந்து வருவது ஏசி மின்சாரம். பேட்டரிக்கு வேண்டியது டிசி. நடுவில் இருக்கும் ரெகுலேட்டர் ஏசியை டிசி ஆக்கி, அளவு மீறாமல் பார்த்துக்கொள்ளும். அதுதான் வால்வு. ஒயரும் கப்ளரும் பைப். பேட்டரி வெறும் தொட்டி. "1931-ல நம்ம பீச்-தாம்பரம் லைன்ல மின்சார ரயில் விட்டப்ப 1,500 வோல்ட் டிசி. அப்புறம் 25,000 வோல்ட் ஏசி. அதையே பார்த்தாச்சு, உன் 12 வோல்ட்டுக்கு என்ன?" என்று சிரித்தார்.

மறுநாள் தன் டிஜிட்டல் மல்டிமீட்டரோடு வந்தார். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் வைத்தார். அன்று அவர் எழுதச் சொன்ன மூன்று எண்களை இங்கே தருகிறேன்.

முதல் எண்: ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், சாவி போடும் முன்பு. 12.6 அல்லது அதற்கு மேல் இருந்தால் பேட்டரி நிறைவாக இருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி ஆகப்போகிறது. எனக்கு 11.9. கடையில் கொடுத்து ராத்திரி முழுக்க மெதுவாகச் சார்ஜ் ஏற்றிய பிறகு 12.7 வந்தது. அரைகுறை பேட்டரியை வைத்துச் சோதித்தால் அடுத்த எண்கள் ஏமாற்றும்.

இரண்டாவது எண்: செல்ஃப் சுற்றும்போது. 10-க்குக் கீழே விழக் கூடாது. நிறைந்த பேட்டரியும் 9-க்கு விழுந்தால் பேட்டரிதான் கெட்டது. எனக்கு 10.8. ஆக, பேட்டரி தப்பு செய்யவில்லை.

மூன்றாவது எண்: வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டு, ரோட்டில் 40-ல் போகும் சத்தம் வரும் அளவுக்கு ஆக்ஸிலேட்டர் கொடுக்க வேண்டும். லைட் எரிய வேண்டும். 13.5-லிருந்து 14.8 வரை இருந்தால் சார்ஜ் சரி. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை. பல்பு அடிக்கடி போகும், பேட்டரி சூடாகி உப்பும், அழுகிய முட்டை நாற்றம் வரும். 12-லேயே நின்றால் சார்ஜ் போய்ச் சேரவில்லை. எனக்கு 12.4.

"ரெகுலேட்டர் போச்சுங்களா ஐயா?" என்றேன். "அவசரப்படாதே" என்றார். வண்டி ஓடும்போதே ஒரு முனையை ரெகுலேட்டரின் டிசி ஒயரிலும் மறு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் வைத்தார். ஒரே ஒயரின் ரெண்டு நுனிகள். வித்தியாசம் கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும், 0.3-ஐத் தாண்டக் கூடாது. எனக்கு 1.6 காட்டியது. ரெகுலேட்டர் 14 வோல்ட் அனுப்புகிறது, பேட்டரிக்கு 12.4 மட்டும்தான் வருகிறது. மீதி வழியிலேயே சூடாகப் போகிறது. எர்த் பக்கமும் இப்படியே பார்த்தார், அங்கே பிரச்னை இல்லை.

பக்கவாட்டு மூடியைக் கழற்றி ரெகுலேட்டர் கப்ளரைப் பிரித்தோம். உள்ளே பின்கள் பச்சைக் களிம்பு பூத்திருந்தன. பிளாஸ்டிக் ஒரு மூலையில் பழுப்பாக உருகியிருந்தது. வெள்ளத் தண்ணீர் ஒரு வருஷமாக உள்ளே வேலை செய்திருக்கிறது. பைப்பில் அடைப்பு இருக்க, நான் தொட்டி தொட்டியாக மாற்றியிருக்கிறேன். நிறையாமலே கிடக்கும் பேட்டரியின் ஈயத் தகட்டில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். அதனால்தான் புதுசும் மாதக்கணக்கில் செத்தது.

கெட்ட பின்களை வெட்டிப் புதுசு அழுத்தி, கப்ளரை மாற்றி, வாசலின் தடவி மாட்டினோம். மூன்றாவது எண் 14.1 ஆனது. அதே பேட்டரிதான் இன்றுவரை ஓடுகிறது.

ஒயர் சரியாக இருந்தும் 12-லேயே நின்றால் காயிலா, ரெகுலேட்டரா என்று பார்க்க வேண்டும். காயில் கப்ளரைக் கழற்றி மீட்டரை ஏசிக்கு மாற்றுங்கள். மூன்று மஞ்சள் ஒயர் வரும் வண்டியில் ரெண்டு ரெண்டாக அளந்தால் மூன்று முறையும் ஒரே அளவு வர வேண்டும், ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்க ஏற வேண்டும். ஒரு ஜோடி மட்டும் குறைந்தால் காயில் போச்சு. மூன்றும் சமம் என்றால் சந்தேகம் ரெகுலேட்டர் மேல். ஓடும்போது அந்தப் பின்களில் கை படக் கூடாது, ஷாக் அடிக்கும். மற்ற ரக வண்டிக்கு அளவு மாறும், அதன் சர்வீஸ் புத்தகப்படி பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்ட வாசகருக்கு இன்னொன்று. கூடுதல் லைட் போட்டிருக்கிறீர்களா? 55 வாட் விளக்கு ரெண்டு என்றால் 110 வாட், 12 வோல்ட்டில் 9 ஆம்ப். சின்ன பைக்கின் காயில் அவ்வளவு தாங்காது, பேட்டரியிலிருந்துதான் உறிஞ்சும்.

சில எச்சரிக்கைகள். வண்டி ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி "சார்ஜ் வருதா" என்று பார்க்கும் பழக்கம் பல கடைகளில் உண்டு. விடாதீர்கள், வோல்ட் எகிறி ரெகுலேட்டரையும் இன்ஜெக்‌ஷன் கம்ப்யூட்டரையும் கொன்றுவிடும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது பிளஸ் முதலில். சார்ஜ் ஏறும் பேட்டரி பக்கத்தில் பீடி கூடாது, அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கும். மூடி உள்ள பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், ஆசிட் வேண்டாம். பழைய பேட்டரியைக் கிணற்று மேட்டில் போடாமல் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், ஈயம் தண்ணீரில் சேர்ந்தால் விஷம்.

ஐப்பசி, கார்த்திகையில் வண்டி தண்ணீரில் நின்றால் ஸ்டார்ட் செய்து பார்க்க அவசரப்பட வேண்டாம். முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றி, எல்லாக் கப்ளரையும் பிரித்துக் காயவையுங்கள். நான் அன்றைக்குச் செய்யாமல் விட்டது அதைத்தான்.

ரிச்சி தெருவில் ஒரு சாதாரண மல்டிமீட்டரை 300 ரூபாய்க்குள் வாங்கினேன். டிராக்டருக்கும் பவர் டில்லருக்கும்கூட 12 வோல்ட் பேட்டரி என்றால் இதே சோதனைதான். அடுத்த பேட்டரிக்குப் பணம் எடுக்கும் முன்பு மூன்று எண்ணையும் ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். என்ன வந்தது என்று இந்தப் பகுதிக்கும் எழுதுங்கள்.