பிதிரார்ஜிதம்

வீடும் வயலும் மட்டும்தானா பிதிரார்ஜிதம்? என் தகப்பனார் எனக்கு வைத்துவிட்டுப் போனது, காரணமில்லாத நெஞ்சுப் படபடப்பு! அதை அடக்கத்தான் அவர் குடித்தார். போதை தெளிந்ததும் அது இரட்டிப்பாகத் திரும்பி வரும், மறுபடியும் குடிப்பார்.

கல்லூரி விருந்தொன்றில் சிநேகிதன் என் கையிலும் ஒரு கிளாஸைத் திணித்தான். "ஒரு வாய் போதும், பயமெல்லாம் பறந்துவிடும்!" என்றான். குடிக்காமலே கீழே வைத்துவிட்டேன். அப்பாவின் கதையை அம்மா என்னிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தாள்.

இதெல்லாம் ரத்தத்தில் வருவதுதானா என்று கேட்பீர்கள். டென்மார்க்கில், குடிக்கு அடிமையானவர்களுக்குப் பிறந்து, கைக்குழந்தையிலேயே வேறு வீட்டுக்குச் சுவீகாரம் போன ஆண்பிள்ளைகளை டாக்டர் குட்வின் குழுவினர் ஆராய்ந்து 1973-ல் எழுதினார்கள். வளர்ந்தபின் அவர்களில் நூற்றுக்கு 18 பேர் குடிக்கு அடிமை. மற்றச் சுவீகாரப் பிள்ளைகளில் 5 பேர்தான். வாஸ்தவம், ரத்தம் பேசுகிறது. ஆனால் மீதி 82 பேரையும் பாருங்கள்! ஒரே ஜீன் செய்யும் வேலையல்ல இது. பல ஜீன்கள் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகின்றன. விழுவதும் நிற்பதும் அவற்றின் கையில் மட்டும் இல்லை.

குடும்பத்தில் சர்க்கரை வியாதி உண்டென்றால் பிள்ளையிடம் சொல்லி வைக்கிறோம் அல்லவா? இதையும் சொல்லி வையுங்கள்.