கரீபியன் ட்ரிப் பிளானா? ஹோட்டலுக்கு முன்னால் ஏர்போர்ட் காரைப் பாருங்க!

2024 டி20 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவை ரோஹித் சர்மா புரட்டியெடுத்த மேட்ச் ஞாபகம் இருக்கிறதா? 41 பந்துகளில் 92 ரன். அந்த மேட்ச் நடந்த இடம் செயின்ட் லூசியா. கரீபியன் கடலில் இருக்கும் குட்டித் தீவு. மைதானம் இருப்பது தீவின் வடக்கு முனைக்குப் பக்கத்தில். பெரிய விமானங்கள் இறங்கும் ஏர்போர்ட் இருப்பதோ தெற்கு முனையில். நடுவில் ஒரு தீவு முழுக்க, மலையோடு சேர்த்து!

தேனிலவு, வெள்ளி விழா, மகனோ மகளோ அமெரிக்காவிலிருந்து போட்டுக்கொடுக்கும் ஃபேமிலி டூர் என்று இப்போது கரீபியன் தீவுகளும் நம் லிஸ்ட்டில் சேர்ந்துவிட்டன. ஃபிளைட், ஹோட்டல் இரண்டையும் மாதக்கணக்கில் அலசி புக் பண்ணுவார்கள். ஏர்போர்ட்டிலிருந்து ஹோட்டலுக்கு எப்படிப் போவது என்பதை மட்டும் ‘இறங்கிப் பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிடுவார்கள். நம் ஊரில் அது சரி. ஆப்பைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் கார் வரும். செயின்ட் லூசியாவில் உபர், ஓலா எதுவும் கிடையாது. டாக்ஸிகளில் மீட்டரும் கிடையாது. அதனால், இந்த ஒரு விஷயத்தை முதலில் முடிவு செய்தால் மற்ற எல்லாமே சுலபமாகிவிடும்.

ஒரு தீவு, இரண்டு ஏர்போர்ட்

செயின்ட் லூசியாவின் மொத்த நீளம் சுமார் 43 கிலோமீட்டர்தான். ‘இவ்வளவுதானா!’ என்று தோன்றும். ஆனால், தீவின் நடுவில் மழைக்காடு மூடிய மலை. சாலை வளைந்து, ஏறி, இறங்கித்தான் போக முடியும்.

தெற்கே வியூ ஃபோர்ட் ஊரில் இருப்பது ஹெவனோரா சர்வதேச விமான நிலையம். இரண்டாம் உலகப்போர் காலத்தில் அமெரிக்க ராணுவம் விமானத் தளமாகக் கட்டியது இது. லண்டன், நியூயார்க், மயாமி, டொரன்டோ என நீண்ட தூரத்திலிருந்து வரும் விமானங்கள் இங்கேதான் இறங்கும். டிக்கெட்டில் ‘யூ.வி.எஃப்’ என்று இருக்கும்.

வடக்கே தலைநகர் காஸ்ட்ரீஸை ஒட்டி, கடற்கரைப் பக்கத்திலேயே இருப்பது ஜார்ஜ் எஃப்.எல். சார்லஸ் விமான நிலையம். ஓடுபாதை சிறியது. பக்கத்துத் தீவுகளிலிருந்து வரும் சின்ன விமானங்களுக்கானது. இதன் குறியீடு ‘எஸ்.எல்.யூ’.

ஹோட்டல்கள் பெரும்பாலும் வடக்கே ராட்னி பே, குரோஸ் ஐலெட் பக்கம் குவிந்திருக்கின்றன. போஸ்டர்களில் பார்க்கும் அந்த இரட்டை மலைகள், அதாவது 2004-ல் யுனெஸ்கோ பாரம்பர்யச் சின்னமான ‘பிட்டான்’ சிகரங்கள், தென்மேற்கே சூஃப்ரியேர் ஊர்ப் பக்கம் இருக்கின்றன. ஹெவனோராவிலிருந்து ராட்னி பே போக சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். சூஃப்ரியேருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். பிட்டான் மலையைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், வடக்கே ரூம் போட்டுவிட்டு தினமும் தீவைச் சுற்ற வேண்டாம். ஹோட்டலைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கார் பயணத்தை யோசிக்கச் சொல்வது இதனால்தான்.

புக்கிங் பண்ணும்போது நடக்கக்கூடிய பெரிய குழப்பமும் இதுதான். வெறுமனே ‘செயின்ட் லூசியா ஏர்போர்ட்’ என்று கொடுத்தால், நீங்கள் தெற்கே நிற்கும்போது கார் வடக்கே காத்திருக்கும். குறியீட்டையும் ஃபிளைட் நம்பரையும் சேர்த்தே கொடுங்கள்.

ஜமைக்காவிலும் இதே கதைதான். மாண்டிகோ பே, கிங்ஸ்டன் என இரண்டு பெரிய ஏர்போர்ட்டுகள். நெக்ரில் பீச்சுக்குப் போகிறவர் கிங்ஸ்டனில் இறங்கினால், தீவின் குறுக்கே போக வேண்டியிருக்கும்.

என்னென்ன வழிகள் இருக்கின்றன?

முதலாவது, ஏர்போர்ட் வாசலில் நிற்கும் டாக்ஸி. மீட்டர் இல்லாவிட்டாலும் ஊருக்கு ஊர் நிர்ணயிக்கப்பட்ட கட்டணம் உண்டு. அது ஒரு காருக்கான கட்டணம். பொதுவாக நான்கு பேர் வரை போகலாம். அதற்குமேல் ஆள் ஏறினால் கூடுதலாகக் கேட்பார்கள். ஹெவனோராவிலிருந்து ராட்னி பே போக 100 அமெரிக்க டாலரையொட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நம் பணத்தில் எட்டாயிரம் ரூபாய்க்கு மேல்!

இரண்டாவது, முன்கூட்டியே புக் செய்யும் பிரைவேட் டிரான்ஸ்ஃபர். உங்கள் பெயர் எழுதிய அட்டையோடு டிரைவர் வாசலில் நிற்பார். கட்டணம் டாக்ஸியை விட ரொம்பக் குறைந்துவிடாது. ஆனால், என்ன விலை என்பது கிளம்பும் முன்பே தெரிந்துவிடும். ஃபிளைட் லேட் ஆனாலும் காத்திருப்பார்கள். குழந்தைக்கான சீட் வேண்டுமென்றால் முன்பே சொல்லி வைக்கலாம்.

மூன்றாவது, ஷேரிங் வேன். தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. தனியாகப் போகிறவருக்கு லாபம். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குத் தனி காரே கட்டுப்படியாகும். ஷேரிங் வேன் ஒவ்வொரு ஹோட்டலாக நின்று நின்று போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். 20 மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து வந்த அம்மா அப்பாவுக்கு அது பெரிய சோதனை.

நான்காவது, உள்ளூர் மினி பஸ். வியூ ஃபோர்ட்டிலிருந்து காஸ்ட்ரீஸுக்குப் போவது 2எச் ரூட். அங்கே இறங்கி குரோஸ் ஐலெட்டுக்கு 1ஏ ரூட்டில் மாற வேண்டும். டாக்ஸியோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகமிகக் குறைவு. தோளில் ஒரு பையோடு திரியும் இளைஞர்களுக்கு இது கொண்டாட்டம். இரண்டு பெரிய சூட்கேஸ் இருந்தால் கஷ்டம். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பஸ் குறைந்துவிடும்.

ஐந்தாவது, ஹெலிகாப்டர். தெற்கிலிருந்து வடக்கே கால் மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடும். பர்ஸும் அதே வேகத்தில் காலியாகும். லக்கேஜுக்கு எடைக் கட்டுப்பாடும் உண்டு.

சில ஆல்-இன்க்ளூசிவ் ரிசார்ட்டுகளில் ஏர்போர்ட் பிக்-அப் ரூம் கட்டணத்திலேயே சேர்ந்திருக்கும். ஹோட்டலுக்கு ஒரு மெயில் தட்டி இதைக் கேட்டுவிட்டுப் பிறகு காரைத் தேடுங்கள்.

எந்த டாலர்னு கேளுங்க!

செயின்ட் லூசியாவின் பணம் ஈஸ்டர்ன் கரீபியன் டாலர். ‘ஈ.சி’ என்று சொல்வார்கள். 1976 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 ஈ.சி டாலர் என்று மதிப்பு நிலையாக இருக்கிறது. டூரிஸ்ட் இடங்களில் இரண்டு டாலரும் செல்லும். சிக்கல் இங்கேதான்.

‘நூறு டாலர்’ என்று ஒருவர் சொன்னால், அது அமெரிக்க டாலரா, ஈ.சி டாலரா? ஈ.சி என்றால் 37 அமெரிக்க டாலர்தான் வரும். ஒரே எண், கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். டிரைவர் ஒன்றை நினைத்துச் சொல்லி, நீங்கள் வேறொன்றை நினைத்துத் தலையாட்டினால், ஹோட்டல் வாசலில் சண்டைதான் மிஞ்சும். காரில் ஏறும் முன்பே ‘யூ.எஸ்-ஸா, ஈ.சி-யா? காருக்கா, தலைக்கா?’ என்று இரண்டு கேள்வியையும் கேட்டுவிடுங்கள். கொஞ்சம் சில்லறை அமெரிக்க டாலர் நோட்டுகளும் கையில் இருக்கட்டும்.

நம்பர் பிளேட் பேசும்

வண்டி முறையான டாக்ஸியா என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. செயின்ட் லூசியாவில் லைசென்ஸ் பெற்ற டாக்ஸிகளின் நம்பர் பிளேட் ‘டி.எக்ஸ்’ என்ற எழுத்துகளில் தொடங்கும். மினி பஸ் என்றால் ‘எம்’. பார்படாஸில் டாக்ஸிக்கு ‘இசட்’. ஜமைக்காவில் வாடகை வண்டிகளுக்குச் சிவப்பு பிளேட். ஆன்லைனில் புக் பண்ணியிருந்தாலும், டிரைவர் பெயரையும் வண்டி நம்பரையும் முதல் நாளே வாட்ஸ்அப்பில் வாங்கி, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இறங்கிய இடத்தில் ரோமிங் வேலை செய்யாவிட்டாலும் கவலை இல்லை. ‘உங்க டிரைவர் வரலை, என்கூட வாங்க’ என்று யாராவது கூப்பிட்டால், அந்த ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்து பதில் சொல்லலாம்.

சூரியன் மறையும் நேரம் முக்கியம்

லண்டனிலிருந்து வரும் விமானங்கள் பொதுவாக மதியத்துக்கு மேல் இறங்கும். இமிக்ரேஷன், பெட்டி, கஸ்டம்ஸ் எல்லாம் முடித்து வெளியே வருவதற்குள் மாலை ஆகிவிடலாம். பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால், வருடம் முழுக்க ஆறு மணி வாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடும். ‘நாமே கார் வாடகைக்கு எடுத்து ஓட்டலாம், நம்ம ஊர் மாதிரி இடது பக்கம்தானே’ என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். இடது பக்கம் என்பது உண்மை. ஆனால், தூக்கக் கலக்கத்தோடு, பழக்கமில்லாத மலைப்பாதையில், இருட்டில் ஓட்டுவது வேறு விஷயம். முதல் நாள் டிரைவரோடு போய்விட்டு, மறுநாள் காலையில் வாடகைக் கார் எடுப்பதே புத்திசாலித்தனம்.

வெளிச்சம் இருந்தால் அந்தப் பயணமே ஒரு சுற்றுலா. கிழக்குக் கரைச் சாலையில் வலது பக்கம் அட்லாண்டிக் கடல் கூடவே வரும். மிக்கூ, டென்னரி என்று மீனவ ஊர்கள். டென்னரி தாண்டியதும் சாலை உள்நாட்டுக்குள் திரும்பி, ‘பார் டி லீல்’ மலைத்தொடரில் ஏறும். மழைக்காடு, கொண்டை ஊசி வளைவுகள், இறங்கியதும் வாழைத் தோட்டங்கள். காஸ்ட்ரீஸுக்குள் நுழையும் நெடுஞ்சாலைக்கு இப்போது ஜூலியன் ஆல்ஃப்ரெட் பெயர் வைத்திருக்கிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டரில் தங்கம் வென்று, நாட்டுக்கே முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்த பெண்!

வழியில் பசித்தால் ரொட்டி கேளுங்கள். அங்கேயும் அதன் பெயர் ரொட்டிதான்! உள்ளே மசாலாக் கறி வைத்துச் சுருட்டித் தருவார்கள். 1859-ல் தொடங்கி கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலில் கொண்டுபோகப்பட்ட இந்தியர்கள் விட்டுச் சென்ற ருசி அது.

யாருக்குப் போகிறது உங்கள் பணம்?

இந்தத் தீவு ஒரு காலத்தில் வாழைப்பழத்தால் பிழைத்தது. பிரிட்டன் சலுகையோடு வாங்கிக்கொண்டது. 1990-களில் உலக வர்த்தக அமைப்பு வரை போன வழக்கில் அந்தச் சலுகை முறைக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. வாழை ஏற்றுமதி சரிந்து, சின்ன விவசாயிகள் அடிவாங்கினார்கள். இப்போது தீவின் பெரிய வருமானம் சுற்றுலாதான். அதிலும் எல்லாம் அடங்கிய ரிசார்ட்டுக்குள் நுழைந்துவிட்டால், வெளியே செலவழிக்க வாய்ப்பே வராது. சில டூரிஸ்ட்டுகள் உள்ளூர்க்காரர் ஒருவர் கையில் நேராகக் கொடுக்கும் ஒரே பெரிய தொகை, அந்த டாக்ஸி வாடகையாகத்தான் இருக்கும்.

வெளிநாட்டு வெப்சைட்டில் புக் பண்ணினாலும், கடைசியில் வண்டி ஓட்டி வரப்போவது இதே ‘டி.எக்ஸ்’ டிரைவர்களில் ஒருவர்தான். நடுவில் இருப்பவர் தன் கமிஷனை எடுத்துக்கொண்ட மீதிதான் அவருக்குக் கிடைக்கும். வெப்சைட்டில் ரிவ்யூ, ரீஃபண்ட் வசதி எல்லாம் இருக்கிறது, மறுக்க முடியாது. முதல் பயணத்துக்கு அது நிம்மதி. ஆனால், வந்த டிரைவர் நன்றாக ஓட்டினார், மரியாதையாகப் பேசினார் என்றால், ஊர் சுற்றவும் திரும்பி ஏர்போர்ட் போகவும் அவரிடமே நேரடியாகப் பேசுங்கள். உங்களுக்கும் கொஞ்சம் குறையலாம், அவருக்கும் முழுப் பணம் போகும்.

பேச்சை ஆரம்பிக்கும் முன் ஒரு வணக்கம் முக்கியம். கரீபியனில் ‘குட் ஆஃப்டர்நூன்’ சொல்லாமல் நேராக ‘எவ்வளவு?’ என்று கேட்பது மரியாதைக் குறைவு. அவர்களின் க்வேயோல் மொழியில் ‘போன்ஷூ’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். ஊர்ப் பெயரிலும் கவனம். ‘குரோஸ் ஐலெட்’ என்று எழுத்துக்கூட்டி நாம் படிப்பதை அவர்கள் ‘க்ரோஸிலே’ என்பார்கள்!

புக் பண்ணும் முன் கேட்க வேண்டியவை

* எந்த ஏர்போர்ட்? ஃபிளைட் நம்பர் அவர்களிடம் இருக்கிறதா?
* கட்டணம் எந்த டாலரில்? காருக்கா, தலைக்கா? வரியெல்லாம் சேர்த்தா?
* ஃபிளைட் தாமதமானால் எவ்வளவு நேரம் இலவசமாகக் காத்திருப்பார்கள்?
* எத்தனை பெட்டி ஏறும்? ஏ.சி, குழந்தை சீட் உண்டா?
* கேன்சல் செய்தால் பணம் திரும்ப வருமா?

கடைசிக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே புயல் சீஸன். 2024-ல் உலகக் கோப்பையை வென்ற நம் இந்திய அணியே, பெரில் புயலால் ஏர்போர்ட் மூடப்பட்டு பார்படாஸில் சில நாட்கள் முடங்கிக் கிடந்தது. 2010-ல் தாமஸ் புயல் செயின்ட் லூசியாவின் சாலைகளை மண்சரிவால் துண்டித்தது. அந்த மாதங்களில் போகிறீர்கள் என்றால், ரீஃபண்ட் இல்லாத மலிவு புக்கிங் வேண்டவே வேண்டாம்.

திரும்பும் நாளுக்கும் இதே கவனம் வேண்டும். ராட்னி பேயிலிருந்து கிளம்பினால் காஸ்ட்ரீஸ் டிராஃபிக்கைத் தாண்டி, மலை ஏறி இறங்கித்தான் தெற்கே போக வேண்டும். ஃபிளைட்டுக்கு ஐந்து மணி நேரம் முன்பே காரை வரச் சொல்லுங்கள். மழை பெய்தால் இன்னும் அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டால் நஷ்டமில்லை. ஏர்போர்ட்டுக்குப் பக்கத்திலேயே நீளமான ஒரு பீச் இருக்கிறது!