தோல் உரிக்காத சங்கு

மெட்டல் குழுக்களுக்கு ஆல்பம் அட்டை வரைகிறேன், ஊர் கடலோரப் புதுமடம். தமிழ் அடையாளம் வேண்டும் என்று வருகிற பையன்கள் பெரும்பாலும் ஒரே பட்டியலைத்தான் நீட்டுவார்கள்: சூலம், மண்டையோடு, காளியின் நாக்கு, பின்னால் ஒரு கோபுரம். கேட்பதில் தப்பில்லை. 1992-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ருத்ரா, வேதாந்தத்தையே பாட்டுப் பொருளாக்கிய குழு. 'குருக்ஷேத்ரா' (2003) என்று ஆல்பத்துக்குப் பெயர் வைத்தவர்களுக்கு அந்தச் சின்னங்கள் உள்ளிருந்து வருகின்றன. சும்மா அலங்காரத்துக்கு எடுத்தால் ராக் குழு ஏரோஸ்மித்தின் கதைதான். 1997-இல் 'நைன் லைவ்ஸ்' அட்டையில் காளிங்க நர்த்தனக் கண்ணனுக்குப் பூனைத் தலை வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பி அட்டையையே மாற்ற வேண்டியதாயிற்று.

சின்னம் எந்த மதத்துக்குரியது என்பதைவிட, யார் கைபட்டு வந்தது என்றுதான் நான் பார்ப்பேன். அட்டையில் சங்கு தெரிந்தாலே பெருமாள் கை, போர்க்களம் என்று நினைப்பு ஓடும். எங்கள் கரையில் அது மூச்சடக்கி முங்கி எடுத்த சரக்கு. முங்கியவர்களில் முஸ்லிம்களும் உண்டு, பரவர்களும் உண்டு. அந்தச் சங்கு வங்காளம் போய் அங்கே கல்யாணமான பெண்களின் கையில் வளையலானது.

கடலிலிருந்து ஏறும்போது சங்கு வெள்ளையாக இருக்காது. பழுப்பு நிறத்தில் முரட்டுத் தோல் மூடியிருக்கும், சுரண்டினால்தான் வெள்ளை. நான் தோலோடுதான் வரைவேன். முழுக்கக் கறுப்பு அடித்துக் காயவிட்டு, ஈரமில்லாத பிரஷ்ஷால் பழுப்பை இழுத்தால் அந்தச் சொரசொரப்பு வந்துவிடும். வாயோரம் மட்டும் ஒரு கீற்று வெள்ளை. போன் திரையில் அட்டை கட்டைவிரல் அகலம்தான்; அங்கே சொரசொரப்பு எடுபடாது, வெளிக்கோடு பேச வேண்டும். அதனால் சங்கைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைப்பேன்.

யார் கைபட்டது என்ற கேள்வியை மற்றவர்கள் அட்டையிலும் கேட்பேன். பிரேசிலின் செபல்டுரா குழு, 'ரூட்ஸ்' (1996) ஆல்பத்துக்காக ஷவாந்தே பழங்குடியினரோடு சேர்ந்து ஒலிப்பதிவு செய்தது. அட்டைக்கோ, 1000 குரூசேரோ நோட்டில் அரசாங்கம் அச்சடித்திருந்த பழங்குடி முகம். அழகான அட்டைதான். ஆனாலும் காதுக்குக் கிடைத்த நெருக்கம் கண்ணுக்குக் கிடைக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது.

ஆகவே பட்டியலை வாங்கி வைத்துவிட்டு, "தம்பி, உங்க வீட்டுப் பெரியவங்க என்ன தொழில் பார்த்தாங்க?" என்று கேட்பேன். "கடல் தொழில்தாண்ணே" என்றால் பாதி வேலை முடிந்தது. திருக்கை வாலின் முள்ளை எடுத்துக் காட்டுவேன்: இரண்டு ஓரமும் ரம்பப் பல், அத்தனை பல்லும் பின்னோக்கி. குத்தினால் உருவும்போது சதையைக் கிழிக்கும். குழுவின் பெயரை அந்த முள்ளின் வடிவில் எழுதினால் சூலத்துக்கு வேலையில்லை.