பக்கத்து வீடு

கிறிஸ்புவைப் பற்றி பைபிளில் இரண்டே இரண்டு இடத்தில்தான் வருகிறது. ஒன்று அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரம், இன்னொன்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம். ஆனாலும் பவுலைவிட இந்த ஆள்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறார். பவுலுக்கு தமஸ்கு போகும் வழியில் வெளிச்சம், குரல் எல்லாம் வந்தது. கிறிஸ்புவுக்கு அப்படி எதுவும் சொல்லப்படவில்லை. நம்பினார், அவ்வளவுதான்.

அவர் கொரிந்து நகர யூதர்களின் ஜெப ஆலயத் தலைவர். பூசாரி வேலை இல்லை அது. வேதத்தை யார் வாசிப்பது, யார் பேசுவது, கட்டடத்தை எப்படிப் பராமரிப்பது என்றெல்லாம் பார்த்துக்கொள்கிற பெரிய மனிதர் பதவி. எருசலேமில் கிடைத்த ஒரு கிரேக்கக் கல்வெட்டில் தியோதோத்து என்பவர், தானும் ஜெப ஆலயத் தலைவர், அப்பாவும் தலைவர், தாத்தாவும் தலைவர் என்று பொறித்து வைத்திருக்கிறார். அந்தப் பதவிக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதற்கு அந்தக் கல் ஒன்று போதும்.

கி.பி. 50 வாக்கில் பவுல் கொரிந்துக்கு வருகிறார். ஓய்வுநாள்தோறும் ஜெப ஆலயத்தில் பேசுகிறார். சண்டை முற்றுகிறது. உடையை உதறிவிட்டு வெளியேறுகிறார். எங்கே போனார்? யுஸ்து என்பவரின் வீட்டுக்கு. அந்த வீடு ஜெப ஆலயத்தை ஒட்டியே இருந்தது!

கிறிஸ்பு கடந்த தூரமும் அவ்வளவுதான். இதை ‘மதம் மாறினார்’ என்று சொல்லவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது. மாறிப் போவதற்கு அப்போது தனியாக இன்னொரு மதம் இல்லை. பவுலை இழுத்துக்கொண்டு ஆளுநர் கல்லியோவிடம் போனபோது, இது உங்கள் வேதத்தைப் பற்றிய உங்கள் தகராறு, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் விரட்டிவிட்டார். ரோமாபுரியின் கண்ணுக்கு இது ஒரு குடும்பச் சண்டை. அங்கேயே, நியாயாசனத்தின் முன்பாக, சொஸ்தேனே என்ற ஜெப ஆலயத் தலைவர் அடிவாங்குகிறார். கல்லியோ கண்டுகொள்ளவில்லை.

குடும்பச் சண்டை என்பதால்தான் வலி அதிகம் என்று நினைக்கிறேன். தூர தேசத்துக்குப் போய்விட்டால் மறந்துவிடலாம். பக்கத்து வீட்டுக்குப் போனவருக்கு அது முடியாது. ஓய்வுநாளில் வாசிப்புச் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டிருக்குமா? தெருவில் எதிரே வந்த பழைய ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களா? வீட்டார் அனைவரோடும் நம்பினார் என்று எழுதியிருக்கிறது. அந்த ‘அனைவரும்’ யார்? மனைவி, பிள்ளைகள், அடிமைகள் இருந்தால் அவர்களும். அவர்களிடம் யாராவது கேட்டார்களா? ஒருவருடைய விசுவாசத்துக்கு ஒரு வீடே விலை கொடுத்திருக்கிறது.

சில வருஷம் கழித்து, எபேசுவிலிருந்து பவுல் கடிதம் எழுதுகிறார். அதற்குள் கொரிந்து சபையிலேயே கோஷ்டிகள் வந்துவிட்டன. நான் பவுல் ஆள், நான் அப்பொல்லோ ஆள் என்று அடித்துக்கொள்கிறார்கள். கடுப்பான பவுல், நல்லவேளை, கிறிஸ்புவையும் காயுவையும் தவிர உங்களில் யாருக்கும் நான் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை என்கிறார். அப்புறம் ஞாபகம் வந்து, ஸ்தேவான் வீட்டாருக்கும் கொடுத்தேன் என்று சேர்த்துக்கொள்கிறார்.

அந்தக் காலத்தில் கடிதங்களைச் சபையில் சத்தமாக வாசிப்பார்கள். கிறிஸ்பு அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால், தன் வாழ்க்கையையே புரட்டிப்போட்ட ஒரு நாள் வேறு யாருடைய சண்டைக்கோ நடுவில் ‘தவிர’ என்ற சொல்லோடு வந்துபோனதைக் கேட்டிருப்பார்.